டைட்டில் நம்பர் எங்கே என்று கேட்கிறீர்கள், டைட்டில் எங்கே?

வாசகர் கடிதம்:

"அக்கா, நான் பென்சில்வேனியாவில் மால்வர்ன் பக்கம் இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் 2018 மாடல் கேம்ரி ஒன்றைப் பழைய வண்டியாக, லோன் போட்டு வாங்கினேன். என் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்துதான் இருக்கிறது. போன மாதம் லோன் முடிந்தது. லோன் கொடுத்த கிரெடிட் யூனியன் 'முழுத் தொகையும் வந்துவிட்டது' என்று ஒரு கடிதம் மட்டும் அனுப்பியது, வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டில் வரவில்லை. நாங்கள் கோயம்புத்தூருக்கே திரும்புகிறோம், மனைவி இன்னும் இரண்டு வாரத்தில், நான் அடுத்த மாதக் கடைசியில். வண்டியை நண்பர் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். வண்டிப் பதிவில் இன்னும் பழைய எக்ஸ்டன் அப்பார்ட்மென்ட் முகவரிதான் இருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது. ஆன்லைனில் மாற்றப் போனால் டைட்டில் நம்பர் கேட்கிறது. வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரைப் போட்டேன், ஏற்கவில்லை. ஒரு ஆத்திரத்தில் லோன் நம்பரையும் போட்டுப் பார்த்தேன். டைட்டில் வந்தால்தானே அதன் நம்பர் தெரியும், நம்பர் தெரிந்தால்தானே டைட்டில் சரியான வீட்டுக்கு வரும்? நண்பரோ, 'டைட்டில் வந்ததும் பின்னால் கையெழுத்துப் போட்டுக் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். என்ன செய்ய?"

பதில்:

தம்பி, முதலில் எழுந்து போய் வண்டியில் சீட்டுக்கு முன்னால் இருக்கும் குளோவ் பாக்ஸைத் திறங்கள். இன்சூரன்ஸ் அட்டை, பழைய ஆயில் மாற்றிய ரசீது, காபிக் கடைத் துண்டுத்தாள் எல்லாவற்றுக்கும் அடியில் மாநிலப் போக்குவரத்துத் துறையான பென்டாட் கொடுத்த ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு இருக்கும். அதில் பிளேட் நம்பர் தனியாக, 17 இலக்க வின் நம்பர் தனியாக, அப்புறம் 'டைட்டில்' என்று போட்டு இன்னொரு எண் இருக்கும். நீங்கள் தேடுவது அதுதான். பென்சில்வேனியா மட்டும் அந்த எண்ணை ரெஜிஸ்ட்ரேஷன் கார்டிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிற பழக்கத்தை வைத்திருப்பதால் பிழைத்தீர்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் 'மட்டும்' இல்லை, இன்னும் சில மாநிலங்களும் செய்கின்றன. எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் குழம்பாதீர்கள், படிவம் எத்தனை இலக்கம் கேட்கிறதோ அத்தனையை முன்னாலிருந்து எடுத்துப் போடுங்கள்.

கார்டு கிடைக்கவில்லையா? ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கச் சொல்லித் தபாலில் வந்த நோட்டீஸைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கிரெடிட் யூனியனுக்கு போன் செய்து, லோன் பிரிவை விட்டுவிட்டு டைட்டில் பார்க்கும் ஆளைக் கேளுங்கள். உங்கள் வண்டியின் மேல் கடன் இருந்தவரை அந்த டைட்டில் அவர்கள் கணக்கில்தான் மின்பதிவாக இருந்தது, ஆகவே எண் அவர்களிடம் இருந்தே தீரும். எப்படியும் அவர்களோடு பேச வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டுமில்லை. வண்டிக் காகித வேலை பார்க்கிற டேக் கடையில் நோட்டரியாக உட்கார்ந்திருக்கிற எனக்கு வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், அதில் நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர். காரணம் எளிது. நம் ஊரில் ஆர்.சி. புக் ஒன்றுதான். அதுவே பதிவுச் சான்று, அதுவே உரிமைக்கு ஆதாரம், கடன் இருந்தால் ஹைபாதிகேஷன் என்று அதிலேயே எழுதிவிடுவார்கள். டிஎன் 37, டிஎன் 38 என்று தொடங்கும் நம்பர் வண்டியோடு பிறந்து வண்டியோடு சாகும். இங்கே வந்தவுடன் அந்த ஒரே புத்தகம் இரண்டாகக் கிழிந்துவிடுகிறது, நமக்கு அது தெரிவதில்லை. ரெஜிஸ்ட்ரேஷன் என்பது வண்டி ரோட்டில் ஓடலாம் என்பதற்கான அனுமதி, டைட்டில் என்பது வண்டி யாருடையது என்பதற்கான பத்திரம்.

நிலம் வாங்கிய வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். வின் நம்பர் என்பது சர்வே நம்பர். யார் வாங்கினாலும் விற்றாலும் அது மாறாது, ஏனென்றால் அது பொருளின் எண். டைட்டில் நம்பர் என்பது சார்பதிவாளர் ஆபீஸில் போடுகிற பத்திர எண், அதாவது காகிதத்தின் எண். ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு வரி ரசீது மாதிரி. வரி ரசீதை வைத்துக்கொண்டு யாரும் நிலத்தை விற்க முடியாது இல்லையா, அதே கதைதான் இங்கேயும். லோன் கொடுத்தவருடைய லீன் என்பது அடமானம். நீங்கள் வின் நம்பரைப் போட்டபோது வலைத்தளம் ஏற்காததற்குக் காரணம், பத்திர எண் கேட்ட இடத்தில் சர்வே நம்பரைச் சொன்னதுதான்.

வின் நம்பரை அடையாளம் காண்பது சுலபம், அதனால் அதை முதலில் ஒதுக்கிவிடலாம். 1981 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கிற எல்லா வண்டிக்கும் அது சரியாக 17 இலக்கம். ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்தும் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். டிரைவர் பக்கம் முன் கண்ணாடிக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரியும், கதவைத் திறந்தால் தூண் ஸ்டிக்கரிலும் இருக்கும். உங்களுடையது 4டி1 (4T1) என்று தொடங்கினால் அது அமெரிக்காவிலேயே செய்த டொயோட்டா, 'ஜே' என்று தொடங்கினால் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது. பத்தாவது இடத்தில் ஒரு எழுத்து இருக்கும், அது மாடல் வருஷம், 2018க்கு அதுவும் 'ஜே'தான். டைட்டில் நம்பருக்கு இப்படி நாடு முழுக்க ஒரே இலக்கணம் கிடையாது. டைட்டிலைக் கொடுப்பது மத்திய அரசு இல்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கிறது, ஆகவே எண்ணும் இடமும் பெயரும் மாறும். டெக்சஸில் 'டைட்டில்/டாகுமென்ட் நம்பர்' என்று போட்டிருப்பார்கள். ஒஹையோவில் டைட்டில் கொடுப்பது வாகன ஆபீஸே இல்லை, ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது மாவட்டத்திலும், இருக்கிற கோர்ட் கிளார்க்கின் டைட்டில் ஆபீஸ். ஃபுளோரிடாவில் மாநில வலைத்தளத்திலேயே வின் நம்பரையோ டைட்டில் நம்பரையோ போட்டு வண்டியின் டைட்டில் நிலவரத்தைப் பார்த்துவிடலாம், இதை எல்லா மாநிலமும் செய்தால் என் வேலை பாதியாகிவிடும். கலிஃபோர்னியாக்காரர்கள் டைட்டிலை இன்னும் 'பிங்க் ஸ்லிப்' என்கிறார்கள், தாள் ரோஸ் நிறத்தை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

பென்சில்வேனியா டைட்டில் உங்கள் கைக்கு வரும்போது எங்கே பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். தாளின் முன்பக்கம் மேல் வரிசையில் வின் நம்பர், வருஷம், கம்பெனி பெயர், அதே வரிசையில் டைட்டில் நம்பர். அதற்கு அடியில் முன்பு எந்த மாநிலத்தில் டைட்டில் இருந்தது, ஓடோமீட்டர் எவ்வளவு, டைட்டில் பிராண்ட் ஏதாவது உண்டா என்ற கட்டங்கள். அந்த 'பிராண்ட்' கட்டத்தை மட்டும் ஒருதரம் நின்று பாருங்கள். பிராண்ட் என்றால் டொயோட்டா, ஹோண்டா இல்லை. வண்டி நொறுங்கி மறுபடி கட்டப்பட்டதா, வெள்ளத்தில் நின்றதா என்ற முத்திரை. காலியாக இருந்தால் நிம்மதி. இதுபோக, பல மாநிலத் தாள்களில் ஓரத்திலோ மூலையிலோ, சில சமயம் சிவப்பு மையில், இன்னொரு எண் இருக்கும். அது கன்ட்ரோல் நம்பர், அச்சடித்த வெற்றுத் தாளின் எண், ரூபாய் நோட்டில் இருக்கிற எண் மாதிரி. பளிச்சென்று இருப்பதால் எல்லோரும் அதைத்தான் டைட்டில் நம்பர் என்று எழுதிவிடுகிறார்கள். 'டைட்டில்' என்ற வார்த்தை பக்கத்தில் இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் நிஜப் பிரச்சினைக்கு வருகிறேன். எண் கிடைத்துவிடும், அது பத்து நிமிஷ வேலை. டைட்டில் தாள் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

இங்கே லோன் இருக்கும்வரை பெரும்பாலும் காகித டைட்டில் என்ற ஒன்றே கிடையாது. கடன் கொடுத்தவரும் பென்டாட்டும் கணினியில் வைத்துக்கொள்கிறார்கள். லோன் முடிந்ததும் கடன் கொடுத்தவர் 'அடமானம் நீங்கியது' என்று மின்வழியில் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் தாள் அச்சாகித் தபாலில் கிளம்பும். எந்த முகவரிக்கு? பதிவில் இருக்கிற முகவரிக்கு. உங்கள் விஷயத்தில் அது எக்ஸ்டன். வீடு மாறினால் 15 நாளுக்குள் பென்டாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். லைசென்ஸுக்கு மாற்றுவார்கள், வண்டிக்கு மறந்துவிடுவார்கள், இரண்டும் வேறு வேறு பதிவு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. திட்டவில்லை தம்பி, நானும் ஒருதரம் மறந்தவள்தான்.

ஆகவே இன்றைக்கே கிரெடிட் யூனியனைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். லீன் நீக்கத்தை பென்டாட்டுக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்? டைட்டில் எந்த முகவரிக்குப் போகும் என்று உங்கள் பதிவில் இருக்கிறது? இன்னும் அனுப்பவில்லை என்று சொன்னால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஆன்லைனில் முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் அனுப்பச் சொல்லலாம். அனுப்பி மூன்று வாரம் ஆகிவிட்டது என்றால் எக்ஸ்டன் அப்பார்ட்மென்ட் ஆபீஸுக்கு ஒரு நடை போய், பழைய வீட்டு எண்ணைச் சொல்லி, உங்கள் பெயருக்கு ஹாரிஸ்பர்க்கிலிருந்து உறை ஏதும் வந்ததா என்று கேளுங்கள். இப்போது அங்கே குடியிருப்பவர் பெரும்பாலும் அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார், விளம்பரத் தாள் குவியலோடு எங்காவது கிடக்கும். அங்கேயும் இல்லையென்றால்தான் டூப்ளிகேட்டுக்குப் போக வேண்டும். உரிமையாளர் போடுகிற படிவத்தின் பெயர் எம்வி-38ஓ. தொலைந்ததா, வந்தே சேரவில்லையா என்ற காரணத்தைச் சரியாகக் குறியுங்கள், 'லோன் முடிந்தது' கடிதத்தையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், டூப்ளிகேட் வந்துவிட்டால் பழைய தாள் அப்புறம் கிடைத்தாலும் அது செல்லாது. இரண்டையும் ஒரே கவரில் வைத்துக்கொண்டு, விற்கிற அன்று பழையதில் கையெழுத்துப் போட்டு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிரெடிட் யூனியன் கொடுத்த கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதை டைட்டில் என்று நினைத்து விற்கப் போகாதீர்கள். அது கடன் தீர்ந்த ரசீது, பத்திரமில்லை.

இப்போது நண்பர் விஷயம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். இருந்தாலும் டைட்டில் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயர், விலை, ஓடோமீட்டர், தேதி எதையும் நிரப்பாமல் கையில் கொடுக்காதீர்கள். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போடுகிற மாதிரி அது. பென்சில்வேனியாவில் விற்பவர் கையெழுத்தை நோட்டரியோ அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்டோ நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், வீட்டுச் சோபாவில் போட்டுக் கொண்டுவந்த கையெழுத்து என்னைப் போன்றவர்களுக்கு உதவாது. போன கோடையில் ஒரு பையன் வந்தான், நம் ஊர்ப் பையன், டைட்டிலை விரித்து வைத்தான். விற்பவர் போட வேண்டிய இடத்தில் வாங்குபவர் போட்டிருந்தார். தப்பு என்று தெரிந்ததும் வெள்ளை மை தடவி, காய்ந்தபின் அதன்மேல் விற்பவர் போட்டிருந்தார். நகத்தால் சுரண்டினால் அடியில் நீல மை தெரிந்தது. திருத்தின டைட்டிலை யாரும் ஏற்க மாட்டார்கள், டூப்ளிகேட்டுக்கு அனுப்பிவிட்டேன். விமானம் அந்த வாரமே. விற்றவர் ஹைதராபாத் போன பிறகு அங்கிருந்து இங்கே காகிதம் வரவழைக்க அவர்கள் பட்ட பாடு எனக்கு மறக்காது.

நிரப்பாத டைட்டிலைக் கொடுத்தால் இன்னொன்றும் நடக்கும். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமலே வேறொருவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு. நடுவில் எத்தனை கை மாறினாலும் பென்டாட் கணக்கில் வண்டி உங்களுடையதுதான். இதற்கு இங்கே 'டைட்டில் ஜம்பிங்' என்று பெயர், சட்டப்படி குற்றம். நண்பர் ஏன் மாற்றாமல் இருப்பார் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வரிதான். வண்டி விலையில் 6 சதவீதம் விற்பனை வரியை வாங்குபவர் கட்ட வேண்டும், பிட்ஸ்பர்க் இருக்கிற அலிகெனி கவுண்டியில் 7, ஃபிலடெல்ஃபியாவில் 8. 'ஒரு டாலருக்கு விற்றதாக எழுதிவிடு மச்சி' என்று ஒரு வசனமும் கூடவே வரும். எழுதாதீர்கள், வாங்கிய தொகையை எழுதுங்கள்.

சரியான வழி இதுதான்: டைட்டில் கைக்கு வந்த பிறகு, நீங்களும் நண்பரும் ஒரே நாளில், ஒரே டேக் கடைக்கு, ஒரே வண்டியில் போங்கள். அடையாள அட்டை, டைட்டில், நண்பருடைய இன்சூரன்ஸ். கையெழுத்து, வரி, மாற்றம் எல்லாம் அங்கேயே ஒரே மேஜையில் முடிந்துவிடும், முக்கால் மணி நேரம் ஆகலாம். ஓடோமீட்டர் எண்ணை வண்டியில் பார்த்து எழுதுங்கள், தோராயமாக வேண்டாம். 2011 மாடலிலிருந்து வந்த வண்டிகளுக்கு 20 வருஷம் வரை அதை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது மத்திய விதி, உங்கள் கேம்ரிக்கும் அது பொருந்தும்.

ஆனால் நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. வண்டி இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, மனைவி இரண்டு வாரத்தில் கிளம்புகிறார். இரண்டு பேர் பெயரில் இருந்தால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். டைட்டில் அதற்குள் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை, இரண்டு பேரும் நேரில் போய்விடலாம். வராது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் அவர் கிளம்பும் முன், இந்த வண்டியை விற்பதற்கு மட்டும் உங்களுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு பவர் ஆஃப் அட்டர்னி எழுதி, வின் நம்பர், வருஷம், மாடல் எல்லாம் தெளிவாகப் போட்டு, இங்கேயே நோட்டரி முன் கையெழுத்துப் போடட்டும். எந்த வாசகம் வேண்டும் என்பதை நீங்கள் எந்தக் கடையில் மாற்றப் போகிறீர்களோ அங்கேயே முன்கூட்டிக் கேட்டு எழுதுங்கள், வலையில் கிடைக்கிற ஏதோ ஒரு மாதிரியை இறக்கி நிரப்பாதீர்கள். அசல் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும், போனில் எடுத்த படம் செல்லாது. இதை விட்டுவிட்டால் அவர் கோயம்புத்தூரிலிருந்து நோட்டரி, காகிதம் வெளிநாட்டில் செல்லுவதற்கான அப்போஸ்டில் முத்திரை, கூரியர் என்று அலைய வேண்டும், அதற்குள் நீங்களும் விமானம் ஏறியிருப்பீர்கள்.

இடையில், நண்பர் பின்வாங்கி நீங்கள் வெளியாளுக்கு விற்க நேர்ந்தால்: வின் நம்பரை யார் கேட்டாலும் தாராளமாகக் கொடுங்கள். அதை வைத்து அவர்கள் நாடு தழுவிய டைட்டில் தகவல் அமைப்பில் வண்டியின் வரலாறு பார்ப்பார்கள், நம் ஊரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிற மாதிரி, அது நியாயம். டைட்டில் நம்பரோ டைட்டிலின் முழுப் படமோ முன்பின் தெரியாதவருக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் பெயர், முகவரி, வின் நம்பர், டைட்டில் நம்பர் நான்கும் ஒரே படத்தில் போகிறது, போலிக் காகிதம் தயாரிக்க அதற்குமேல் என்ன வேண்டும்? நேரில் வந்தால் கையில் பிடித்துக் காட்டுங்கள், போதும். டைட்டில் வந்ததும் 'வண்டிக்கு உரியது வண்டியில்' என்று குளோவ் பாக்ஸில் வைத்துவிடாதீர்கள். வண்டி திருட்டுப் போனால் பத்திரமும் சேர்ந்து போகும். ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு வண்டியில், டைட்டில் வீட்டில், பாஸ்போர்ட் இருக்கிற இடத்தில்.

விற்று முடித்த அன்று கையோடு ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டு போங்கள். பென்சில்வேனியாவில் நம்பர் பிளேட் வண்டியோடு போகாது, அது உங்களுடையது. இங்கே 2016 கடைசியிலேயே பிளேட் ஸ்டிக்கரை நிறுத்திவிட்டார்கள், ஆகவே பிளேட்டைப் பார்த்து அது செல்லுபடியா இல்லையா என்று யாருக்கும் சட்டென்று தெரியாது. நண்பர் 'இரண்டு நாள் ஓட்டிவிட்டுக் கழற்றித் தருகிறேன்' என்று சொல்வார். கூடாது, டர்ன்பைக் என்கிற சுங்கச் சாலையின் டோல் பில் உங்கள் பெயருக்கு வரும். கழற்றி பென்டாட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள், அதன் பிறகு இன்சூரன்ஸை நிறுத்துங்கள், முன்னால் நிறுத்த வேண்டாம். திருகு துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும், இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பு அப்படி, முந்தின நாள் ராத்திரியே கொஞ்சம் எண்ணெய் விட்டு வையுங்கள்.